மூலைமட்டம் மாமாவின் கலர்க் கட்டை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். என் மாமனார் மட்டும் சிரிக்க மாட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கூடம் நெசமாவே கோணலா இருந்திருந்தா? யாராவது ரசமட்டம் வச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்பார். உலகத்தில் அந்த ஆட்டக்காரிக்காகப் பரிந்து பேசிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.

முப்பது வருடத்துக்கு மேலாகத் தரையில் டைல்ஸ் பதிக்கிறவர் அவர். கட்டட வேலை நடக்கிற இடங்களில் அவருக்கு 'மூலைமட்டம்' என்று பெயர். சுவரும் சுவரும் சேருகிற மூலை ஒரு நூல் பிசகினாலும் அன்றைய வேலையை ஆரம்பிக்க மாட்டார் என்பதால் வந்த பெயர். முதலில் யாரோ கிண்டலாக வைத்தது, பிறகு ஒட்டிக்கொண்டது. இப்போது அசல் பெயரைச் சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். கல்யாண மண்டபமோ வங்கியோ எங்கே போனாலும் இதே கதைதான். என் மனைவி பிறந்த அன்று நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, "கதவோரம் ஒரு டைல்ஸ் தூக்கிட்டு நிக்குது சிஸ்டர், பாத்து வாங்க" என்றாராம். அதுதான் அப்பாவாகி அவர் பேசிய முதல் பேச்சு. இருபத்தேழு வருடமாகியும் அத்தை இதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை. குழந்தை விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தானே சொன்னேன் என்று அவரும் இருபத்தேழு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

அந்தக் கலர்க் கட்டை அவர் கைக்கு வந்ததும் வேலைக்குப் போன ஒரு வீட்டில்தான். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடு. பரணில் கிடந்த அட்டைப்பெட்டியில், ஆறு பக்கமும் ஆறு நிறமாகத் திருகி விளையாடுகிற கியூப் ஒன்று தூசியோடு இருந்தது. யாரோ அதைச் சரியாக முடித்துவிட்டு, அதோடு மறந்துபோயிருந்தார்கள். மாமா அதைக் கழுவித் துடைத்து, இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். பிறகு எதிரெதிர்ப் பக்கங்களை ஜோடி ஜோடியாக அரைச்சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஆறு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறிக் கட்டம் போட்ட தரையாகிவிட்டது.

அன்று அவருக்கு வந்த சந்தோஷத்தை அவர் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். தரையில் எந்த டிசைன் போட்டாலும் ஓரத்தில் வெட்ட வேண்டியிருக்கும், வெட்டினால் சேதாரம் ஒரு மூட்டை. இதில் ஐம்பத்துநாலு கட்டம். ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம், ஒன்றுகூட மிஞ்சாது, ஒன்றுகூடப் பற்றாமல் போகாது. இப்படி ஒரு தரையை வாழ்நாளில் தன்னால் போட முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அளவு குறிக்கிற பழைய நோட்டு ஒன்றில், அம்புக்குறி போட்டு ஒவ்வொரு டிசைனையும் எழுதிவைத்தார். கட்டம், பட்டை, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வேறு நிறம் வருகிற புள்ளி. இதெல்லாம் சுலபமானவை. அவருக்கு உயிர் இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மூலையில் நாலு கட்டம் ஒரு நிறமாகவும், அதை அணைத்தாற்போல மீதி ஐந்து கட்டம் வேறு நிறமாகவும் வரும். தூக்கிப் பார்த்தால் பெரிய கட்டைக்குள் ஒரு குட்டிக் கட்டை உட்கார்ந்திருக்கும். பதினைந்து திருகல், நடுவில் ஒன்று தப்பினால் எல்லாம் போச்சு. இதற்கு அவர் வெள்ளை மனதோடு வைத்த பெயர் 'சின்ன வீடு'. ஒருநாள் அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போது, "ராத்திரி பூரா சின்ன வீட்டுலதான் இருந்தேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டார். அன்றைக்கே அந்தப் பெயருக்குத் தடை. 'வீட்டுக்குள் வீடு' என்று மாற்றப்பட்டது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலைந்த கட்டையைச் சேர்க்க மாமாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. போட்ட டிசைனைப் பிரிக்க, போன வழியே திரும்பி வருவார். வழி தவறிவிட்டால் கலவை பூசுகிற கரணையின் முனையால் ஒரு துண்டை நெம்பி, மொத்தத்தையும் கழற்றி மேசையில் பரப்பி, மறுபடி கோர்த்துவிடுவார். எல்லோரும் நிறம் சேர்க்கத்தானே படாதபாடு படுகிறார்கள் என்று கேட்டால், நிறம் சேர்ந்த கட்டை டைல்ஸ் போடாத வெறும் தரை மாதிரி, வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பார்.

அப்பாவுக்கும் மகளுக்கும் அந்தக் கட்டைதான் தபால்காரர். பள்ளிக்கூட நாட்களில் அவள் கண் விழிப்பதற்குள் அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது அவள் தூங்கிப்போயிருப்பாள். ஆகவே, வாசல் பக்கத்துச் செருப்பு அலமாரியின் மேல் கட்டையை வைத்துவிட்டுப் போவார். கட்டம் என்றால், இன்றைக்குப் பரீட்சை, தைரியமாகப் போ. புள்ளி என்றால், சீக்கிரம் வருகிறேன். வீட்டுக்குள் வீடு என்றால், நேற்று உன்னைத் திட்டியது தப்பு, மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் பார்த்துவிட்டு வேறொரு டிசைன் போட்டு வைக்க வேண்டும், அதுதான் பதில். பதில் போடாமல் வெறுமே பிரித்து நிறம் சேர்த்து வைத்தால், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பதினாறு வயதில் தோழிகளோடு பயணம் போகக் கூடாது என்று அவர் சொன்னதற்காக, நாலு நாள் அவள் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் மாமாவே கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரியும். அங்கேதான் வினை.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவன். என் மனைவி முதலில் அங்கே கண்ணாடி மாற்ற வந்தவள். எட்டு மாதம் பழகிய பிறகு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். நாங்கள் பயந்த மாதிரி மாமா எதிர்க்கவெல்லாம் இல்லை. என்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால், அவளோடு வேலை செய்கிறவர்களுக்கும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் தெரிந்த விஷயம் கையெழுத்துக்கு மறுநாள்தான் தனக்குச் சொல்லப்பட்டது என்பது அவரை அறுத்துவிட்டது. மகளோடு பேசுவதை நிறுத்தினார். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை, அவரிடம் கேட்டிருந்தால் தள்ளிப்போடச் சொல்லியிருப்பார் என்று அவளுக்கு ஒரு கணக்கு. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்கள். இங்கே பாய்ந்தது அப்பா. வீட்டை விட்டு வரும்போது அவள் அந்த நோட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அது என்ன நோட்டு என்று நான் கேட்டதும் இல்லை.

ஒரு வருடம் நாலு மாதம் இப்படியே ஓடியது. பிறகு அவளுக்கு ரயிலில் ஒன்றரை நாள் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும். இப்படியே போய்விட்டால் இந்த மௌனம் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அத்தை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். மாமாவுக்கு அவசர வேலை இருக்கிறது, மாலைதான் வருவார் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை என்ன அவசரம் என்று எனக்குத் தோன்றியது. அவள் மட்டும் வழியெல்லாம் ஏதோ எதிர்பார்ப்போடு வந்தாள்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவளைப் பார்த்ததும் பிடித்து நிறுத்திக்கொண்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு முதலில் மேலே போனேன். அத்தை கதவைத் திறந்துவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே ஓடினார். செருப்பைக் கழற்றி வைக்கும்போது அலமாரியின் மேல் அந்தக் கியூபைப் பார்த்தேன். பாதியில் நின்றிருந்தது. பாவம், மாமா சேர்க்கப் பார்த்து முடியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

கல்லூரி விடுதியில் நான் கற்ற ஒரே உருப்படியான வித்தை இதுதான். எந்தக் கட்டையானாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிப்பேன். மாமாவை ஒரு விஷயத்தில் அசத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? விரல்கள் தானாக ஓடின. ஐம்பது விநாடி இருக்கும். ஆறு பக்கமும் சுத்தமாகச் சேர்ந்தது. இருந்த இடத்தில் நேராக வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

அவள் வாசலில் கால் வைத்ததும் அலமாரியைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். செருப்பின் வாரைக் கழற்ற மறந்து அப்படியே உள்ளே வந்து, பிறகு திரும்பிப் போய்க் கழற்றினாள். சாப்பாட்டில் கைதான் அளைந்தது. அத்தை இன்னும் கொஞ்சம் வை என்றதற்குத் தலைவலி என்றாள். மாமா வருகிற வரைக்கும் இருக்கலாமே என்று நான் சொன்னபோது, வேண்டாம், மூட்டை கட்டுகிற வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டி அடுக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள், செருப்பு அலமாரியிலிருந்து பஸ் ஏற்றிவிட்டது வரை.

"அப்பா எதாச்சும் போட்டு வச்சிருப்பாருன்னு நெனச்சுத்தான் வந்தேன். நெறம் சேத்து நேரா வச்சிட்டுப் போயிட்டாரு."

எனக்கு ஒரு நிமிடம், சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்வானேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவள் திட்டவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"என்ன டிசைன் இருந்துச்சு?"

நான் டிசைனையே பார்க்கவில்லை. எது எது இடம் மாறி இருக்கிறது, எதை முதலில் சரி பண்ண வேண்டும் என்று மட்டும் பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்கிறவன், கண் முன்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. அவள் விடவில்லை. கண்ணை மூடி யோசிக்கச் சொன்னாள். கையில் எடுத்ததும் முதலில் எது தெரிந்தது என்று கேட்டாள். மூலையில் சிவப்பு, நாலு கட்டம் சேர்ந்தாற்போல இருந்தது, அது பாதி வேலையைக் குறைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் என்றேன். மற்றப் பக்கங்களில்? அங்கேயும் மூலையில் நாலு நாலாகத்தான் இருந்தது என்று சொல்லச் சொல்ல, அவள் அடுக்கி வைத்த துணிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். அவர் மாலை வந்து பார்த்திருப்பார். கட்டை நேராக இருந்திருக்கும். அவள்தான் பிரித்து வைத்துவிட்டுப் போனாள் என்று நினைத்திருப்பார். என் கையைக் காட்டி, நீ கலைத்தாய், நீயே போய்ச் சொல் என்றாள். நியாயமான தீர்ப்பு.

மறுநாள் காலை அவர் வேலை செய்கிற கட்டடத்தைத் தேடிப் போனேன். மூன்றாவது மாடி. படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை. பழைய செருப்பை வெட்டித் தைத்த முட்டித் தாங்கியோடு அவர் மண்டியிட்டு, ரப்பர் சுத்தியால் டைல்ஸைத் தட்டித் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அவர் முகம் ஒரே ராத்திரியில் வற்றிப்போன மாதிரி இருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துபோக, நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"மாமா, அந்தக் கட்டையை நேராக்கினது நான். அவ மேல வர்றதுக்கு முன்னாடியே கை வச்சிட்டேன். நீங்க போட்டு வச்சத அவ பாக்கவே இல்ல."

சுத்தி நின்றது. "அவ கலைக்கலையா?"

இல்லை, நேராக இருந்ததைப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் பேச்சை முடித்துவிட்டீர்கள் என்று அவள் வீட்டுக்கு வந்து அழுதாள் என்றேன். அவர் சுத்தியைக் கீழே வைத்தார். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளை சிமெண்ட் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்கு எவ்வளவு நேரமாச்சு?"

"அம்பது விநாடி இருக்கும், மாமா."

"எனக்கு நாலு நாளு."

கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நோட்டு மகளோடு போய்விட்டது. பதினைந்து திருகலில் ஒன்பதுதான் ஞாபகம் இருந்தது. மீதியைத் தேடி, தப்பித் தப்பி, ஒவ்வொரு தடவையும் கட்டையைக் கழற்றிக் கோர்த்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் தற்செயலாகக் கைக்கு வந்திருக்கிறது. மகள் எதிரில் நின்று முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல், அதை அலமாரியில் வைத்துவிட்டு, பூட்டிக் கிடந்த கட்டடத்தில் ஞாயிறு முழுக்க வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். அந்த நிமிடத்தில் எனக்கு அவரை அவ்வளவு பிடித்துப்போனது. என் மேலேயே எனக்கு வந்த எரிச்சலும் அதே அளவு இருந்தது.

அவர் என் காலைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நிக்குறீங்களா. நீங்க நிக்கிறது இப்பத்தான் பதிச்சது."

குனிந்து பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்ட நேரம் முழுக்க ஈரத் தரைமேல்தான் நின்றிருக்கிறேன். இரண்டு டைல்ஸ் அமுங்கியிருந்தன. அவர் அவற்றைப் பெயர்க்க ஆரம்பித்தார். நான் சத்தம் காட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் கதவு தட்டப்பட்டது.

எங்கள் வாடகை வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வாசலைத் தாண்டியதும் இரண்டாவது டைல்ஸ் பொய்க்கால். அடியில் கலவை பிடிக்காமல், மிதித்தால் 'டொக்' என்று சத்தம் போடும். மாமா என்றைக்காவது வந்தால் மானம் போகுமே என்று நானும் அவளும் ஒருகாலத்தில் அதன்மேல் மிதியடி வாங்கிப் போட்டிருந்தோம். அவர் வரவே மாட்டார் என்றான பிறகு, மிதியடி மூட்டையில் கட்டப்பட்டுவிட்டது.

அவள்தான் கதவைத் திறந்தாள். மாமா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றார். உள்ளே வந்தார். முதல் அடி. இரண்டாவது அடி நேராக அந்த டைல்ஸ் மேல் விழுந்தது. 'டொக்.' கூரை இடிந்த மாதிரி எனக்குக் கேட்டது.

அவர் குனிந்து பார்க்கவில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடத்தில் அவர் தரையைப் பார்க்காமல் நுழைந்த ஒரே வீடு எங்களுடையது. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. "அப்பா" என்றாள். அவர் அவள் தலைமேல் கையை வைத்தார். சொல்லாமல் செய்தது தப்புதான் என்று அவள் விக்கி விக்கிச் சொன்னாள். சொல்ல முடியாத அப்பனாக இருந்தது தன் தப்பு என்றார் அவர்.

பிறகு துணிப்பையிலிருந்து கட்டையை எடுத்தார். தாறுமாறாகக் கலைந்திருந்தது. மறுபடி போட்டுக்கொண்டு வரலாம் என்று பார்த்தாராம், நடுவில் கை தப்பிவிட்டதாம். அத்தை பின்னால் என்னிடம் சொன்னார்: பிரித்துக் கோர்க்கக் கரணையைக்கூடக் கையில் எடுத்துவிட்டார், என்ன நினைத்தாரோ, அந்த அம்பது விநாடிக்காரரு செய்வார்ல என்று சொல்லி அப்படியே பையில் போட்டுக்கொண்டார் என்று.

கட்டையை என் பக்கம் நீட்டினார்.

"மாப்பிள்ளை, இத நேராக்கிக் குடுங்க. இவகிட்ட நோட்டு இருக்கு, நாங்க போட்டுக்குறோம்."

ஒரு வருடம் நாலு மாதத்தில் அவர் என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. இந்தத் தடவை எனக்கு ஐம்பது விநாடியில் முடியவில்லை. இரண்டு தடவை பாதியில் தப்பி மறுபடி ஆரம்பித்ததில் மூன்று நிமிடம் ஆனது. வாங்கிக்கொண்டு, தலையோடு தலை முட்ட, மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். அவள் அம்புக்குறியைப் படிக்க, அவர் திருகினார். பதினைந்தாவது திருகலில் பெரிய வீட்டுக்குள் குட்டி வீடு வந்து உட்கார்ந்தது. அதை அவள் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் மறுபடி 'டொக்' கேட்டது. இப்போது குனிந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பக்கத்து டைல்ஸையும் தட்டினார். இதைப் பதித்தவன் எவன் என்று என்னையே குற்றவாளி மாதிரிப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் கரணை, ரப்பர் சுத்தி, ஒரு டப்பாவில் கலவை, முட்டித் தாங்கி சகிதம் வந்து நின்றார். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்த மகள், இன்னும் எட்டு நாளில் நாங்கள் காலி பண்ணப் போகிற வாடகை வீடு இது என்று எடுத்துச் சொன்னாள். அவர் காதில் வாங்காமல் மண்டியிட்டு, டைல்ஸின் ஓரத்தை நெம்ப ஆரம்பித்துவிட்டார்.

"எட்டு நாளு நீ நடப்பேல்ல?" என்றார்.